பழைய சாகசம் புதிய புத்தகத்தில் ஓடுமா?

திருகோணமலை டச்சுக் குடாப் பக்கம் நண்பன் வீட்டு மேல்மாடியில் போன மாதம் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் (சுருக்கமாக டி அன்ட் டி) ஆடத் தொடங்கினோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. நடத்துவதற்கென்று எழுதி வைத்த கதையைச் சாகசம் என்போம். கடற்காற்றுக்குத் தாள்கள் பறக்காமல் மூலைக்கு ஒரு சிப்பி வைத்திருந்தோம். மேசையில் விளையாடுவோருக்கான கையேடு இரண்டு கிடந்தன. ஒன்று 2014இல் வந்தது, ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பா ஒருவர் கொண்டுவந்தது. மற்றது 2024இல் வந்தது, லண்டனில் இருக்கும் அக்கா ஒருவர் அனுப்பியது. இரண்டு பேர் கிளெரிக், அதாவது தெய்வத்தின் பெயரால் மந்திரம் போடும் பாத்திரம், எடுத்திருந்தார்கள், ஆளுக்கொரு புத்தகத்தைப் பார்த்து. முதல் சண்டையில் காயம் ஆற்றும் மந்திரத்துக்கு ஒருவன் எட்டுமுகப் பகடை ஒன்றை உருட்டினான். மற்றவன் இரண்டை உருட்டினான்.

"உனக்கு மட்டும் ஏன்டா ரெண்டு?"

"புது எடிஷன்ல அப்பிடித்தான் கிடக்கு மச்சான்."

"அது புது எடிஷனே இல்லை. அதே அஞ்சாவதுதான்."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஆட்டம் எப்போது புதிய பதிப்பு ஆகிறது?

நமக்குப் பதிப்பு என்ற சொல்லே கொஞ்சம் வழி தவற வைக்கிறது. பள்ளிக்கூடப் பாடநூலின் உள்பக்கத்தில் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று ஆண்டு போட்டிருக்கும். பெரும்பாலும் உள்ளே எல்லாம் ஒன்றுதான், திரும்ப அச்சடித்திருப்பார்கள். ஆட்டப் புத்தகத்தில் பதிப்பு என்பது அப்படி இல்லை. அங்கே அது பாடத்திட்டம் மாறியதா என்ற கேள்வி.

அட்டையில் இருக்கும் எண்ணை நம்பலாம் என்பது முதல் வழி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1989இல் அட்வான்ஸ்ட் டி அன்ட் டிக்கு இரண்டாம் பதிப்பு என்று எண் போட்டார்கள். ஆனாலும் அதற்கு முந்திய சாகசங்களை அதில் பெரிய சிரமம் இல்லாமல் நடத்தலாம். 2003இல் வந்ததற்கு 3.5 என்று அரை எண். 2024இல் வந்ததற்கு எண்ணே இல்லை. பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரியான இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தது. 2023 தொடக்கத்தில் டி அன்ட் டி விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த விடும் திறந்த உரிமம் பற்றிய சர்ச்சை எழுந்த பிறகு அதே பதிப்பைத் திருத்தி ரீமாஸ்டர் என்று வெளியிட்டார்கள். மந்திரங்களின் பெயர்கள் மாறின, நல்லவன் கெட்டவன் என்ற அணி பிரிப்பு போனது, எண் அப்படியே நின்றது. அட்டை சொல்வது வெளியீட்டாளர் எதை விற்க நினைக்கிறார் என்பதை மட்டும்தான்.

இரண்டாவது வழி, ஆட்டத்தின் முதுகெலும்பைப் பார்ப்பது. 304 என்ற சீட்டாட்டம் ஆடுபவர்களுக்கு இது உடனே விளங்கும். வீட்டுக்கு வீடு சட்டம் மாறும், கேள்வி கேட்கும் முறை மாறும். ஆனால் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, ஆக 76. நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயருக்குள்ளேயே முதுகெலும்பு இருக்கிறது. டி அன்ட் டியை அப்படிப் பார்த்தால் பலம் போன்ற ஆறு தகைமைகள், பாத்திரத்தின் வகுப்பு, ஏறிக்கொண்டு போகும் நிலை, அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளி எல்லாம் 1974இல் ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பெட்டியிலேயே இருக்கின்றன. இந்த அளவுகோலின்படி ஐம்பது வருடமாக ஒரே பதிப்புத்தான் ஓடுகிறது என்று ஆகிவிடும். அது சரியில்லை.

மூன்றாவது, எங்கள் மேசையில் சண்டை வந்த இடம்: பழைய புத்தகக்காரனும் புதிய புத்தகக்காரனும் பக்கத்தில் இருந்து ஆட முடியுமா? 2014 கிளெரிக் தன் தெய்வத்தின் துறையை முதல் நிலையிலேயே தெரிவான். 2024 கிளெரிக் மூன்றாம் நிலை வரை காத்திருக்க வேண்டும். 2024 ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரனுக்கு, ஆயுதத் தேர்ச்சி என்று ஒன்று உண்டு, 2014 ஃபைட்டருக்கு இல்லை. 3க்கும் 3.5க்கும் இடையிலும் இப்படித்தான்: பலம் கூட்டும் மந்திரம் ஒன்று முன்பு நிலைக்கு ஒரு மணி நேரம் நின்றது, பிறகு நிலைக்கு ஒரு நிமிடம் ஆனது. விளையாடுபவனுக்கு இதெல்லாம் பெரிய மாற்றம், அவன் கோபப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த அளவுகோல் மிகவும் இறுக்கமானது. 2020இல் வந்த துணைநூல் ஒன்று ரேஞ்சர் என்ற வகுப்புக்கு மாற்று அம்சங்கள் கொடுத்தது. அதை வைத்திருப்பவனும் இல்லாதவனும் ஒரே மேசையில் சமமாக இல்லை. அதற்காக அதைப் புதிய பதிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

நான் பிடித்து நிற்பது நான்காவதை. 2019 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்துக்கும் புதிய பாடத்திட்டத்துக்கும் வேறு வேறு வினாத்தாள்கள் வந்தன. பாடத்திட்டம் மாறிவிட்டது என்று ஒரு மாணவன் எப்போது உணர்கிறான்? கையில் இருக்கும் பாஸ்ட் பேப்பர் கட்டு உதவாமல் போகும்போது. ஆட்டத்தில் அந்தக் கட்டுத்தான் பழைய சாகசங்கள். பழைய சாகசத்தைத் திறந்து, புதிய புத்தகத்தை வைத்து, வாசிக்க வாசிக்க நடத்த முடிந்தால் அது அதே பதிப்பு. மனக்கணக்கு ஒன்றோடு சமாளிக்கலாம் என்றாலும் அதே பதிப்புத்தான். இருந்து திரும்ப எழுத வேண்டும் என்றால் அது புதியது.

இதை வைத்துப் பார்த்தால் குழப்பம் தெளிகிறது. கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டம் 1981இல் வந்தது. ஆறாம் பதிப்பு வரை பழைய சாகசங்களை அப்படியே எடுத்து நடத்தலாம். ஏழாம் பதிப்பில் தகைமைகளை ஐந்தால் பெருக்கினார்கள்: 13 பலம் 65 ஆகும். ஒரு பெருக்கல்தான், ஆக எண் ஏழு ஆனாலும் எனக்கு அது பழைய பாடத்திட்டமே. 2000இல் வந்த டி அன்ட் டி மூன்றாம் பதிப்பு அப்படி இல்லை. அதுவரை கவச எண், அதாவது ஒருவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண், குறையக் குறைய நல்லது, அதற்குப் பிறகு கூடக் கூட நல்லது. 3ஐ 20இல் கழித்து 17 என்று போடலாம்தான். ஆனால் தற்காப்பு உருட்டல்கள் ஐந்து வகையில் இருந்து மூன்றாகின, அரக்கர்களுக்கும் மனிதர்களைப் போலத் தகைமைகள் வந்தன. அங்கே கழித்தல் போதாது. அது புதிய பதிப்பு, சந்தேகமே இல்லை. 2008இல் வந்த நான்காவதும் அப்படியே.

அப்போ 2024? நாங்கள் நடத்தியது 2014இன் ஆரம்பப் பெட்டியில் வந்த சாகசம். அதில் கொப்ளின் என்ற குட்டி அரக்கனுக்குக் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. 2024 புத்தகத்தில் செய்த ஃபைட்டர் உருட்டி 15ஐத் தொட்டான், அடி பட்டது. கதையை நடத்தும் டிஎம் அண்ணா ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. வெளியீட்டாளர் இலவசமாகத் தரும் விதித் தொகுப்பின் எண்ணும் இதையே சொல்கிறது: பழையது 5.1, 2025இல் வந்தது 5.2.

மூன்றாவது அளவுகோலை விட்டு இதை நான் எடுப்பதற்கு எங்கள் ஊரும் ஒரு காரணம். இந்தப் புத்தகங்கள் திருகோணமலையில் கடையில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சாகசமும் யாரோ ஒருவரின் பயணப் பெட்டியில் இடம் பிடித்து வந்தது. அவை உதவாமல் போனால் உண்மையான நட்டம். கேரக்டர் ஷீட்டைத் திரும்ப எழுதலாம்.

எழுதவும் செய்தோம். அடுத்த சனிக்கிழமை 5.2இல் கிளெரிக் பக்கங்களை மட்டும் போட்டோக்கொப்பிக் கடையில் பிரிண்ட் எடுத்தோம். பழைய புத்தகக்காரன் தன் ஷீட்டைப் புது முறைக்கு மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது பகடையை அண்ணாவிடம் வாங்கிக்கொண்டான். கொப்ளின்கள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றன.