இரட்டை ஊசல்: கருவி நல்லது, அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது தவறு

இருபது ஆண்டுகளாக வகுப்பில் தனி ஊசல் சோதனை நடத்துகிறேன். நூல், பித்தளைக் குண்டு, இருபது அலைவுகள், நிறுத்துக் கடிகாரம். கணக்கு முடிந்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8க்குப் பக்கத்தில் ஓர் எண் வந்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அறிவியல் என்றாலே இப்படித்தான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த இரட்டை ஊசலை வாங்கினேன்.

இரண்டு அலுமினியக் கைகள். முதல் கையின் நுனியில் இரண்டாவது தொங்குகிறது. இரண்டு மூட்டிலும் பேரிங். லேசாக ஆட்டினால் அடக்கமாக ஆடும். உயரத் தூக்கி விட்டால் கதையே வேறு. மேல்கை இறங்கும்போது கீழ்க்கை அதைச் சுற்றி வட்டமடிக்கிறது, உச்சியில் தயங்குகிறது, சட்டென்று எதிர்ப்பக்கம் சாய்கிறது.

பின்னால் பாகைமானியை ஒட்டினேன். கைகளை 120 பாகையில் நூலால் கட்டி, கை நடுக்கம் கலக்காமலிருக்க நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுவித்தேன். பத்து முறை. பத்தையும் கைபேசியில் படம்பிடித்தோம். முதல் இரண்டு விநாடிகள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். பிறகு ஒரு படத்தில் கீழ்க்கை இடப்பக்கம் கவிழ்ந்தது, அடுத்ததில் வலப்பக்கம். ஐந்தாவது விநாடியில் எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை.

பெட்டியில் "விதிகளுக்குக் கட்டுப்படாத இயக்கம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. இது விதியை மீறவே இல்லை. 1687இல் நியூட்டன் எழுதிய விதிகளே இதற்குப் போதும். சமன்பாட்டை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். விதி முழுவதும் கையில் இருந்தும் அடுத்த பத்து விநாடியைச் சொல்ல முடியவில்லை, இதைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடும் வேகமாகப் பெருகிவிடுவதுதான் காரணம். 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கைக் கணினியில் மீண்டும் ஓட்டியபோது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச தூரம் பழைய பாதையிலேயே போன கணக்கு, பிறகு முற்றிலும் வேறொரு வானிலைக்குப் போய்விட்டது.

"இன்னும் நுணுக்கமாக அளந்தால் சொல்லிவிடலாமா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பத்து மடங்கு நுணுக்கமாக அளந்தாலும் இந்த ஊசலில் கூடுதலாகக் கிடைப்பது ஒரு விநாடியில் ஒரு பங்குதான். கோள்களுக்கும் இதே கதி. பூமி இன்று இருக்கும் இடத்தை அளப்பதில் 15 மீட்டர் பிசகினால் போதும், பத்துக் கோடி ஆண்டுகள் கழித்து அது தன் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. 1989இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லாஸ்கர் கணக்கிட்டுக் காட்டியது இது. அவள் நோட்டில் 15 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

குறைகளும் உண்டு. அடிப்பலகை மிக லேசு. வேகமாகச் சுழலும்போது மேசையில் நகர்கிறது, அதுவே சோதனையைக் கெடுத்துவிடும். இரும்புப் பிடிப்பான் போட்டு இறுக்கிய பிறகுதான் மேலே சொன்ன பத்துப் படங்களும் எடுக்க முடிந்தது. நடு மூட்டுத் திருகு இரண்டு வாரத்தில் தளர்ந்தது. பேரிங் மட்டும் அருமை, சத்தமே இல்லை. இயற்பியல் கற்பிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், கீழ்க்கை விரலில் பட்டால் நன்றாகவே வலிக்கும்.