168 வெள்ளி போச்சு: 'செல்ஃப் வாட்டரிங்' தொட்டி வாங்குறவங்க உஷார்!

ஆத்திரம் இன்னும் அடங்கல, எழுதுறது முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

இங்க சிங்கப்பூர்ல பழசு புதுசு எல்லாம் விக்கிற ஒரு ஆப்ல, செடிக்குத் தானா தண்ணி குடுக்கிற செல்ஃப் வாட்டரிங் தொட்டி, நாலும் சேர்த்து 168 வெள்ளின்னு (டாலர்) ஒருத்தர் போட்டிருந்தாரு. டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போறோம், காரிடார்ல இருக்கிற கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் யாரு தண்ணி ஊத்துறதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்த நேரம். மெசேஜ் போட்டதுமே போன்ல கூப்பிட்டாரு, "அக்கா, நம்மாளுங்களையே ஏமாத்துவேனா, எங்கம்மா வீட்டுல இதே தொட்டிதான்"னு அவ்ளோ தன்மையா பேசினாரு. ஆப்ல கட்டினா கமிஷன் போகும், பேநவ்ல, அதான் பேங்க்லேருந்து நேரா அனுப்புறதுல, போடுங்க, டெலிவரி ஃப்ரீன்னாரு. போட்டாச்சு 168 வெள்ளி.

இந்த வகைத் தொட்டில அடியில தண்ணி நிக்க ஒரு அறை, அதுலேருந்து மண்ணுக்கு ஒரு திரி, மண்ணு வேணுங்கிற அளவுக்கு இழுத்துக்கும். தண்ணி கூடிப்போனா வெளிய போக பக்கத்துல ஒரு ஓட்டை கட்டாயம் இருக்கணும், அதுதான் உயிரே. இவரு குடுத்ததுல அந்த ஓட்டையே இல்ல! டிசம்பர் மழை சாரலா அடிச்சு காரிடார் உள்ள வந்திருக்கு, அறை ரொம்பி மண்ணு முழுக்க ஊறிப்போச்சு. திரும்பி வந்து பாத்தா கறிவேப்பிலை இலை எல்லாம் மஞ்சளா கொட்டிக் கெடக்கு. தொட்டிய சாய்ச்சா கருப்பா ஒரு தண்ணி, சாக்கடை நாத்தம், வேரைத் தொட்டா தோலு கையோட உரிஞ்சு வருது. அந்தத் தண்ணில கொசுப்புழு வேற நெளியுது, கொசு செக் பண்ற என்இஏ (சுற்றுப்புற வாரியம்) ஆளுங்க வந்திருந்தா 200 வெள்ளி ஃபைனும் நம்ம தலையிலதான்.

கூப்பிட்டா முதல்ல "வெளியூர்ல இருக்கேன் அக்கா". அப்புறம் "நீங்க தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க". நான் சிங்கப்பூர்லயே இல்லப்பா! அப்புறம் "அடியில கல்லு போடுங்க, சரியாயிடும்". தண்ணி வெளிய போக வழியே இல்லாத தொட்டில கல்லு போட்டா என்னா, வைரம் போட்டா என்னா? கடைசியா "ட்ரில் பண்ணிக்குங்க லா"ன்னு ஒரு மெசேஜ், அதோட ப்ளாக். ஆப்ல கம்ப்ளெய்ன் பண்ணா, பணம் எங்க வழியா வரல, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறாங்க. 168 வெள்ளிங்க! அதே போட்டோ இன்னும் அங்க ஓடிக்கிட்டு இருக்கு.

டிப்ஸ் நிறைய எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு இல்ல. காசு குடுக்கிறதுக்கு முன்னாடி தொட்டியத் திருப்பித் திருப்பி ஓட்டை இருக்கான்னு பாருங்க. சாதாரண தொட்டின்னா விரல மண்ணுல விட்டு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க, அடியில வடியிற வரைக்கும் ஊத்திட்டு தட்டுல நிக்கிறத உடனே கொட்டிடுங்க. மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் காயாது, ரெண்டுக்கும் ஒரே அளவு ஊத்தாதீங்க. ஆப்புக்கு வெளிய பணம் கேட்டா போனை வச்சிடுங்க. நான் 10 வெள்ளி கட்டி ஸ்மால் கிளெய்ம்ஸ்ல (சின்னத் தொகை வழக்குகளுக்கான மன்றம்) கேஸ் போடப்போறேன், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்துக்கிட்டு இருக்கேன்.