மொன்ஷ்ஹோஃப் கெல்லர்பியர்: கலங்கலாக இருந்தாலும் லாகர்தான்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பீர் இது. கெல்லர்பியர் என்றால் வடிகட்டாமல் ஊற்றும் 'நிலவறை பீர்'. வட பவேரியாவில் குல்ம்பாக் என்ற ஊரில் காய்ச்சுவது. அரை லிட்டர் புட்டி, 5.4 சதவீதம். கம்பி மாட்டிய மூடி. கட்டைவிரலால் தள்ளினால் 'டப்'பென்று திறக்கிறது, திரும்பவும் மூடி வைக்கலாம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக அடிக்கிற நேரம் என்றாலும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துத்தான் ஊற்றினேன். பல் கூசும் சில்லிப்பில் இதன் மணம் தெரியாது. பொன்னுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு நிறம், முழுக்கக் கலங்கல். சுட்ட ரொட்டியின் மேல்தோல் வாசனை, அதன் பின்னால் லேசாக ஈஸ்ட். கசப்பு கடைசியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"கலங்கலா இருக்கே, கோதுமை பீரா மாப்ள?" என்றார் மச்சான். பெங்களூரு பப்புகளில் குடித்துப் பழகியவர்களும் இதையேதான் கேட்பார்கள். இது பார்லி மால்ட்டில், குளிர்ச்சியில் புளிக்கவைத்த லாகர், வடிகட்டவில்லை, அவ்வளவுதான். லோரென்ஸ் என்ட்ஸிங்கர் 1878இல் பீர் வடிகட்டும் கருவிக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்பு, பீர் தெளிய வேண்டுமென்றால் நிலவறையில் நாள்கணக்கில் கிடந்து தானாகத் தெளிய வேண்டியதுதான்.

அப்படியானால் இதை எந்த வகையில் சேர்ப்பது? அமெரிக்க பீர் நடுவர் அமைப்பான பி.ஜே.சி.பி. 2015 பட்டியலில் வியன்னா லாகர், ஆல்ட்பியர் போன்ற பீர்களுக்குப் பக்கத்தில் கெல்லர்பியரையும் வைத்து, வெளிர், செம்பழுப்பு என்று இரண்டாகப் பிரித்தது. 2021இல் அங்கிருந்து எடுத்து 'வரலாற்று பீர்கள்' பிரிவுக்கு மாற்றிவிட்டது. அடிப்படை என்ன பீர் என்று போட்டிக்கு அனுப்புகிறவர் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் வட பவேரியாவின் ஃபிராங்கோனியாவில் ஊருக்கு ஊர் இன்றும் ஊற்றிக் கொடுக்கும் பீரை வரலாறு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கணக்கில் கெல்லர்பியர் தனி ரகம் கிடையாது, ஒரு பருவம். சித்தூர் பக்கத்து ஷாப்பில் அந்திக்கள்ளும் மூத்த கள்ளும் ஒரே தென்னையில் இறக்கியதுதானே? ஹெல்லெஸ், பில்ஸ், டுங்கெல் என்ற லாகர் வகைகளில் எதையும் வடிகட்டாமல் இளசாகவே ஊற்றலாம். பீப்பாய் அடைப்பைத் திறந்து வைத்து முதிரவிட்டால் வாயு வெளியேறி, பீர் இன்னும் மெதுவாக நாக்கில் இறங்கும். பவேரியாவின் ஓபர்ஃபால்ட்ஸ் பகுதியின் ஸாய்கல் பீரைப் பாருங்கள்: ஊர்ப் பொதுக் காய்ச்சுகூடத்தில் காய்ச்சி, அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்கவைத்து, தயாரானதும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கவிடுவார்கள். வீட்டுக்கு வீடு ருசி வேறு. அதை எந்தப் பட்டியலில் அடைப்பது?

கோதுமை பீரின் கதை வேறு. அதில் வரும் வாழைப்பழம், கிராம்பு வாசனையை உண்டாக்குவதே அதன் ஈஸ்ட்தான். அதனால் வடிகட்டிய கோதுமை பீரான கிரிஸ்டல்வைட்ஸனும் அதே ரகத்தில்தான் நிற்கிறது. கோல்ன் நகரத்தில் இதற்கு நேர்மாறு: காய்ச்சுபவர்களின் 1986 ஒப்பந்தப்படி அந்த ஊர் பீரான கோல்ஷ் என்றால் தெளிந்திருக்க வேண்டும்.

இந்த பீர் எங்காவது கையில் சிக்கினால் தேதி பார்த்து வாங்குங்கள், புதுசாக இருக்க வேண்டும். நம் வெயிலில் காரில் போட்டு வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, முக்கால்வாசி ஊற்றியதும் புட்டியை ஒரு சுழற்று சுழற்றி, அடியில் இருக்கும் மண்டியையும் சேர்த்து ஊற்றுங்கள். பொரித்த மத்தியோடு நன்றாகப் போகும்.