கப்பியா, வளையும் தண்டா? அறுவை ரோபோவின் கம்பிக் கைகள்

அறுவை சிகிச்சைக் கருவியின் முனையில் மோட்டார் வைக்க இடம் கிடைப்பது அரிது. மோட்டார் உடலுக்கு வெளியே நிற்கும். மெல்லிய கம்பிவடம்தான் அதன் விசையை உள்ளே கொண்டுபோகிறது. அந்த வடத்தை எப்படி வளைத்துக் கொண்டுபோவது என்பதில்தான் போட்டியே.

டாவின்சி ரோபோவின் 8 மி.மீ. கருவிகளில் கப்பி வைத்த மணிக்கட்டு இருக்கிறது. டங்ஸ்டன் இழைகளை முறுக்கிய வடம் கப்பியோடு சேர்ந்து உருள்வதால் உராய்வில் வீணாகும் விசை குறைவு. ஊசியைத் திசுவுக்குள் செலுத்தும்போது முனை எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆனால் கப்பியின் குறுக்களவு சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு இறுக்கமான வளைவில் ஒரே இடம் மடங்கி மடங்கி நிமிர்ந்தால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். உழைத்துத் தேய்ந்த மணிக்கட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வடத்தின் மேல் முள்போலச் சிலிர்த்து நிற்கும் இழைகள் தெரியும். இந்தக் கருவியை இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் வைக்கும் வரம்பு வெறும் வியாபாரத் தந்திரம் என்பவர்கள் அதை ஒருமுறை பார்க்கலாம். (வியாபாரமும் உண்டுதான்!)

கப்பி இல்லாமல் தானே வளைந்துகொடுக்கும் தண்டின் கதை வேறு. நுரையீரலுக்குள் போகும் அயான் ரோபோவின் குழாய் 3.5 மி.மீ. தடிமன், அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்றது. இத்தகைய தண்டுகளில் வடம் உருள்வதில்லை, துளைக்குள் உரசிக்கொண்டே போகிறது. உராய்வுக் குணகம் 0.1 என்றால், மொத்த வளைவு 180 பாகையானதும் இழுவிசையில் சுமார் 27 சதவீதம் போய்விடும். 360 பாகையில் கிட்டத்தட்ட பாதி. திசை மாற்றும்போது தொல்லை இன்னும் கூடும்: மோட்டார் திரும்பியும் முனை சற்று அசையாமல் நின்று, பிறகு துள்ளும். அயான் இதற்குக் குழாய் நெடுக ஒளியிழை வைத்து அதன் வடிவத்தையே அளக்கிறது. என் கணக்கில் அதன் உண்மையான பலம் வடத்தில் இல்லை, அந்த ஒளியிழையில்தான்.

நிட்டினால் என்னும் நிக்கல்-டைட்டானியம் உலோகக்கலவையில் செய்து, ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் வளைந்த குழாய்களுக்கு வடமே வேண்டாம். மிக மெல்லியதாகவும் செய்யலாம். ஆனால் முறுக்கில் சேர்ந்த ஆற்றல் திடீரென விடுபட்டால் முனை சட்டென்று வேறிடத்துக்குத் தாவும். மூளைக்கு அருகே அந்தத் தாவலை யார் ஏற்பார்கள்?

தையலுக்குக் கப்பிதான், குறுகிய கிளைவழியில் போய்த் திசு எடுக்கத் தண்டுதான். இரண்டையும் ஒரே கருவி செய்யும் என்று யாராவது விற்க வந்தால், காற்றில் முனை ஆடும் காணொளி வேண்டாம். தண்டு முழுக்க வளைந்திருக்கும்போது முனை பக்கவாட்டில் எத்தனை நியூட்டன் தாங்கும் என்று கேளுங்கள்.