ஒன்பது கட்டம், நாலு 'ஏ': சொல்தேடும் கருவிகளோடு ஐந்து வருடம்

குளச்சலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் கடல் தெரியும். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் நானும் அப்பாவும் ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொண்டோம். பேப்பரில் வந்த குறுக்கெழுத்து. குறிப்பு: இரட்டை அடிப்பாகம் உள்ள படகு, ஒன்பது எழுத்து. மேலிருந்து கீழே வரும் சொற்களை முடித்ததில் இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் கட்டங்களில் 'ஏ' விழுந்திருந்தது. மீதி ஐந்தும் காலி.

2020 ஊரடங்கு நேரம் அது. வேறு வேலையில்லை. அப்பா டீ குடிக்கப் போன சமயம் பார்த்து போனை எடுத்து, ஆங்கிலச் சொல் தேடித் தரும் ஒன்லுக் தளத்தில் தெரியாத கட்டத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுத் தேடினேன். வந்த சொற்களில் மூன்றைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை. கேட்டமரான். 'எச்' போட்டு முடிகிற மகாராஜா. மலையாளம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, ஒரே இடங்களில் நாலு 'ஏ'. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பட்டியலை யாரும் தயாரித்துத் தர முடியாது.

விடை நம்ம கட்டுமரம்தான். அப்பாவிடம் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "எலேய் மக்கா, ரெண்டு வள்ளத்தச் சேத்துக் கெட்டினா அது கட்டுமரமாடே?" அவர் கேட்டது நியாயம்தான். மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டுவது நம்முடையது. சொல்லை நம்மிடமிருந்து கொண்டுபோனவர்கள் பொருளை இரட்டைப் படகுக்கு மாற்றிக்கொண்டார்கள். தினமும் கட்டுமரம் பார்த்து வளர்ந்ததால்தான் எங்களுக்கு அது பிடிபடவில்லை.

அன்றைக்குத் தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை. குறுக்கெழுத்துக்கு, வேர்டிலுக்கு (ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டு), மாலையில் டியூஷன் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் பயிற்சி தயாரிக்க என்று ஏழெட்டுக் கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்து முதல் ஆறு மாதத்தை வீணாக்கியது என் முட்டாள்தனம். தேடல் மூன்று வகை. எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று தெரிந்து தேடுவது ஒன்று. குறுக்கெழுத்துக்கு அதுதான் வேண்டும். எழுத்து தெரியும், இடம் தெரியாது என்பது இரண்டாவது. வேர்டிலில் மஞ்சள் விழுந்தால் (எழுத்து சரி, இடம் தப்பு; இடமும் சரியானால் பச்சை) அந்த நிலைமைதான். கையில் இருக்கிற எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் கட்டுவது மூன்றாவது. ஸ்க்ராபிளில் ஏழு சில்லுகளோடு முழிப்பதற்கு. ஒன்றின் பெட்டியில் இன்னொன்றின் கேள்வியைப் போட்டால் நூற்றுக்கணக்கில் குப்பை வரும்.

ஒன்லுக்கில் எனக்குப் பிடித்தது, கேள்விக்குறி வரிசைக்குப் பிறகு முக்காற்புள்ளி வைத்துப் பொருளையும் எழுதலாம். அந்த ஒன்பது கட்டத்துக்குப் பின்னால் 'போட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்திருந்தால் மகாராஜாவைத் தொந்தரவு செய்திருக்க வேண்டாம். இது தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

வேர்டில் கதை வேறு. ஜோஷ் வார்டில் 2021-இல் அதைப் பொதுவில் விட்டார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அதற்குள் மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பச்சை, மஞ்சள் கட்டங்களை அனுப்பி வம்புக்கு இழுக்க ஆரம்பித்திருந்தான். எங்களுக்குள் ஒப்பந்தம்: மூன்று வரி முடியும்வரை கருவியைத் தொடக்கூடாது. அவன் காப்பாற்றுகிறானா என்று தெரியாது. நான் பெரும்பாலும் காப்பாற்றுகிறேன்.

விடையைத் தேடித் தர கருவியை வைத்துக்கொண்டால் வேர்டிலில் ருசி இல்லை. நான் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறேன். கடைசி நாலு எழுத்தும் (ஐ, ஜி, எச், டி) பச்சையாகி, லைட், மைட், நைட், ரைட், சைட், ஃபைட், டைட், எய்ட் என்று முதல் எழுத்து மட்டும் தொங்கினால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவன் ஆறு வரிக்குள் மாட்டிக்கொள்வான். அப்போது எஸ், என், ஆர், எல் நாலும் உள்ள ஐந்தெழுத்துச் சொல் எது என்று கேட்பேன். ஸ்னார்ல் வரும். அதில் ஏதாவது நிறம் மாறினால் விடை கையில். மாறாவிட்டால் எஃப், ஈ, எம் மூன்றும் உள்ள ஃபீமர், அதாவது தொடை எலும்பு. அதுவும் கைவிட்டால் மிச்சம் டைட் ஒன்றுதான். எட்டு வாய்ப்பு, அதிகபட்சம் மூன்று வரி. கடின முறையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் இது செல்லாது; கிடைத்த எழுத்துகளை அவர்கள் அடுத்த வரியிலும் போட்டே ஆக வேண்டும். (அண்ணன் கடின முறைக்காரன். அதுதான் அவனுடைய கர்வம்.)

குறைகளும் உண்டு. இரட்டை எழுத்தில் பல கருவிகள் சொதப்பும். 'ஈ' இரண்டு தடவை வேண்டும் என்று அடித்தால், ஒன்று இருந்தாலே போதும் என்று எடுத்துக்கொண்டு பட்டியல் நீட்டும். நான் ரொம்ப நாள் வைத்திருந்த ஒரு ஆப், அப்டேட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தேடலுக்கும் முப்பது வினாடி விளம்பரம் காட்டியது, அன்றே தூக்கிவிட்டேன். அப்புறம் எழுத்துக்கூட்டல். பள்ளியில் 'யூ' போட்டு ஹ்யூமர் எழுதிப் பழகியவனுக்கு அது ஆறெழுத்து. வேர்டில் அமெரிக்க வழக்கம், அங்கே ஐந்து. நீளத்தை வைத்துத் தேடும்போது இது காலை வாரும்.

மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும். அதற்காக எனேபிள் என்ற சொற்பட்டியலை லேப்டாப்பில் இறக்கி வைத்திருக்கிறேன். 1,72,000-க்கும் மேல் சொற்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்துத் தேடினால் நெட் இல்லாமலே வேலை நடக்கும். பிள்ளைகளுக்கு 'யூ' துணையில்லாத 'க்யூ' சொற்களை அதில்தான் எடுத்துக் கொடுத்தேன். 'க்யூ' ஸ்பெல்லிங்கில் வரும் ஃபகீரைப் பார்த்ததும் ஒரே கூச்சல். விளையாட்டுக்கான பட்டியல் என்பதால் பெயர்ச்சொற்கள் கிடையாது. கட்டுமரம் உண்டு, மகாராஜா உண்டு, மலையாளம் இல்லை.

போன மாதம் தமிழுக்கும் இப்படி ஒன்று செய்யலாமே என்று ஆசைப்பட்டு, கட்டுமரத்துக்கு எத்தனை எழுத்து என்று கணினியிடம் கேட்டேன். ஒன்பது என்றது. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதுதான் காரணம். பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன் விரல் விட்டு எண்ணினான்: க, ட், டு, ம, ர, ம். "ஆறுதானே சார்?" என்றான்.