வேளச்சேரி எஸ்.எஸ்.பி கோச்சிங் ரிவ்யூ: மெயின் கோர்ஸ் நல்லாருக்கு, ட்ரோன் பேக்கேஜ் வாங்காதீங்க

தம்பிய ஏர்ஃபோர்ஸ் செலக்‌ஷனுக்கு ரெடி பண்றதுக்காக வேளச்சேரில ஒரு கோச்சிங் சென்டர்ல சேர்த்தோம், விஜயநகர் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து நடந்தே போயிடலாம், பேரு இங்க போடல. ஏர்ஃபோர்ஸ் ஆஃபீசர் ஆகறதுக்கான ஆஃப்கேட் எழுத்துத் தேர்வு, அப்புறம் அதுல பாஸானா வர்ற எஸ்.எஸ்.பி செலக்‌ஷன் போர்டு இண்டர்வியூ, ரெண்டுக்கும் சேத்து 38,000 ரூபா. இது இல்லாம "டிஃபென்ஸ் ட்ரோன் பைலட் பேக்கேஜ்"னு ஒண்ண தனியா 55,000-க்கு விக்கிறாங்க. மொதல் கோர்ஸுக்கு தாராளமா நாலு ஸ்டார் குடுப்பேன். ரெண்டாவதுக்கு ஒரு ஸ்டார் கூட குடுக்க மனசு வரல. ஏன்னு விரிவாவே எழுதுறேன், இப்ப காலேஜ் முடிக்கிற பசங்க நெறைய பேரு ட்ரோன் ட்ரோன்னு தேடிட்டு இருக்காங்க, வீட்ல இருக்கவங்களுக்கு இத பத்தி எடுத்துச் சொல்ல ஆளே இல்ல.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். எஸ்.எஸ்.பி ட்ரெயினிங் நெஜமாவே தரம். கதை எழுதுறது, குரூப் டிஸ்கஷன், லெக்சரெட் (குடுத்த தலைப்புல சில நிமிஷம் பேசறது) எல்லாத்தையும் திரும்ப திரும்ப பண்ண வைக்கிறாங்க, பையன் என்ன தப்பு பண்ணான்னு எல்லார் முன்னாடியும் போட்டு அசிங்கப்படுத்தாம தனியா கூப்பிட்டு உக்கார வச்சு சொல்றாங்க. என் தம்பி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சேந்தாப்ல பேச தயங்குவான், இப்ப மூணு நிமிஷம் தடுமாறாம பேசறான்.

மாடில பைலட் டெஸ்ட்டுக்கு ப்ராக்டிஸ் பண்ண ஒரு சின்ன ரூம் இருக்கு. ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி ஓடிட்டே இருக்கும், அத கைல ஜாய்ஸ்டிக், கால்ல ரெண்டு பெடல், இத வச்சு பிடிச்சு நிறுத்தணும், அதே நேரத்துல காதுல ஏதாவது சொல்லிட்டே இருப்பாங்க அதுக்கும் பதில் குடுக்கணும். மூணு செட் இருக்கு, அதுல ஜன்னலோரம் இருக்கற செட்டோட ஜாய்ஸ்டிக் ஸ்ப்ரிங் தளர்ந்து போய் எடது பக்கமே சாயுது, அதுல மட்டும் உக்காராதீங்க, தப்பான பழக்கம் வந்துடும். இந்த ரூம்க்காகவே சேரலாம்னு சொல்லுவேன், ஏன்னா ஏர்ஃபோர்ஸ்ல சி.பி.எஸ்.எஸ்னு சொல்ற அந்த டெஸ்ட்ட வாழ்க்கைல ஒரு தடவதான் எழுத முடியும், அதுல போச்சுன்னா ஃப்ளையிங் ப்ராஞ்ச் கதவு நிரந்தரமா மூடிடும், மத்த ப்ராஞ்சுக்கு மட்டும்தான் ட்ரை பண்ணலாம்.

இப்ப ட்ரோன் பேக்கேஜ் விஷயத்துக்கு வரேன். கீழ ரிசப்ஷன்ல இருக்கற கவுன்சிலர் மேடம் எங்கப்பா கிட்ட சொன்னது இதான்: "இந்த சர்டிஃபிகேட் இருந்தா பையன ட்ரோன் பைலட்டா ஏர்ஃபோர்ஸ்ல டைரக்ட்டா எடுப்பாங்க சார், இனிமே எல்லாமே ட்ரோன்தான், சீட்டு கம்மியா இருக்கு." அப்பா உடனே 5,000 அட்வான்ஸ் கட்டிட்டாரு. பையன் நல்லாருக்கணும்னு நெனைக்கிற மனுஷன் கிட்ட இப்படி பேசுனா யாரா இருந்தாலும் கட்டுவாங்க.

ஆனா அவங்க சொன்னது சுத்தமா பொய். அவங்க குடுக்கறது டி.ஜி.சி.ஏ (சிவில் விமானத் துறைய கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் இருக்கற வேற ஒரு ட்ரெயினிங் நிறுவனம் மூலமா வர்ற ரிமோட் பைலட் சர்டிஃபிகேட், 2021 ட்ரோன் ரூல்ஸ் படி வர்ற சிவில் சர்டிஃபிகேட். 18 வயசு ஆகியிருக்கணும், பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும், அவ்ளோதான் தகுதி. வயல்ல மருந்து அடிக்கிறது, நெலம் அளக்கறது, டவர் செக் பண்றது, ஷூட்டிங் எடுக்கறதுக்கெல்லாம் உபயோகம் ஆகும், அந்த வேலைக்கு போறவங்களுக்கு அது நல்ல சர்டிஃபிகேட்தான், நான் கொற சொல்லல. ஏர்ஃபோர்ஸ்ல ஆஃபீசரா சேர்றதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 25 கிலோவுக்குள்ள இருக்கற ஒண்ண கிரவுண்டுல நின்னு கண்ணால பாத்துட்டே ஓட்டறதும், பல டன் எடை இருக்கற, ஒரே மூச்சுல 30 மணி நேரத்துக்கு மேல பறக்கற ஒண்ண சாட்டிலைட் வழியா ஓட்டறதும் ஒரே வேலையா?

சரி இது விக்கிறவங்க பக்கத்து தப்பு. இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு கிளாஸ்லயே நடக்குது. எழுத்துத் தேர்வு எடுக்கற ஒரு ஆசிரியர் பசங்க கிட்ட "ட்ரோன்ல போட்டுட்டாங்கன்னா கேரியர் காலி, ப்ரொமோஷன் வராது, நீ பைலட்டே கெடையாது"ன்னு சொல்லி வச்சிருக்காரு. கீழ ஒருத்தர் இதான் எதிர்காலம்னு காசு வாங்க, மேல ஒருத்தர் இதுல போனா நாசம்னு சொல்ல, நடுவுல 21 வயசு பையன் என்ன பண்ணுவான்? என் தம்பி ரெண்டு நாள் சரியா சாப்பிடவே இல்ல, செலக்‌ஷன் போர்டுல எந்த ப்ராஞ்ச ஆப்ஷனா குடுக்கறதுன்னு அதே யோசன.

இந்த சென்டர காப்பாத்தறது ஞாயித்துக்கிழம மட்டும் வர்ற ஒரு ரிட்டயர்ட் நேவி சார்தான். அவரு கிளாஸுக்கு பேரண்ட்ஸும் போலாம், நானும் அம்மாவும் போயிருந்தோம். மார்க்கர எடுத்து போர்டுல அமெரிக்கா கதைலேர்ந்து ஆரம்பிச்சாரு, அந்த பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது.

2008-ல ஈராக், ஆஃப்கானிஸ்தான் ரெண்டு பக்கமும் சண்டை நடக்கறப்ப அமெரிக்க விமானப்படைக்கு பிரிடேட்டர், ரீப்பர்ங்கற பெரிய ட்ரோன்கள ஓட்ட ஆள் பத்தல. ஃபைட்டர் ஓட்டலாம்னு கனவோட பைலட் ட்ரெயினிங் முடிச்ச புதுப் பசங்கள்ல பத்துல ஒருத்தர, வருஷத்துக்கு சுமார் 100 பேர, நேரா ட்ரோனுக்கு அனுப்புனாங்க. ஒரு டென்யூர் முடிச்சா திரும்ப ப்ளேனுக்கு வந்துடலாம்னு நெனச்சு போனவங்க நெறைய பேரு, ஆள் தேவை கொறையாததால அங்கயே மாட்டிக்கிட்டாங்க. அமெரிக்காலயே நெவாடால இருக்கற க்ரீச் விமானப்படை பேஸ்ல ஷிஃப்ட் ஷிஃப்டா உக்காந்து ஆஃப்கானிஸ்தான்ல போர் பண்ணிட்டு, சாயங்காலம் கார் எடுத்துட்டு வீட்டுக்குப் போயி புள்ளைங்களோட சாப்பிடணும். லீவு கம்மி, ஷிஃப்ட் ஜாஸ்தி, மேல போறதுக்கு படிக்க வேண்டிய ராணுவ கோர்ஸ்களுக்கு அனுப்ப நேரமே இல்ல. அதனால ப்ரொமோஷன்ல மத்தவங்கள விட பின்தங்குனாங்க, 2014-ல அந்த நாட்டு நாடாளுமன்றத்தோட ஆடிட் அமைப்பே இத ரிப்போர்ட்டா எழுதி வச்சுது. அதாவது தெறம கம்மிங்கறது மட்டும் காரணம் இல்ல, அவங்கள வேலைலேர்ந்து வெளிய விடாததும் ஒரு காரணம். இந்த வித்தியாசத்த அந்த எழுத்துத் தேர்வு ஆசிரியர் பசங்களுக்கு சொல்லிருக்கணும்.

மரியாதை விஷயமும் இருந்துச்சு. 2013 பிப்ரவரில ட்ரோன், சைபர் ஆளுங்களுக்குன்னு ஒரு புது மெடல் அறிவிச்சாங்க, களத்துல நின்னவங்களுக்கு குடுக்கற மெடல விட இது ஒசந்ததான்னு முன்னாள் வீரர்கள் கொதிச்சு எழுந்ததுல ஏப்ரல்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா நெலம மெல்ல மெல்ல மாறுச்சு. ட்ரோனுக்குன்னே தனி பைலட் பிரிவு வச்சு, சின்ன ப்ளேன்ல சுமார் 40 மணி நேரம் மட்டும் பறக்க வச்சு அப்புறம் சிமுலேட்டர்ல ட்ரெயினிங் குடுக்கற முறை 2010 வாக்குலயே வந்திருந்துச்சு, 2015-ல கட்டாய சர்வீஸ் முடிஞ்சும் தொடர்றவங்களுக்கு ஸ்பெஷல் அலவன்ஸ மாசம் 650 டாலர்லேர்ந்து 1,500 ஆக்குனாங்க. வேணாம்னு ஒதுக்குன வேலைக்கு யாரும் இப்படி காசு ஏத்திக் குடுக்க மாட்டாங்க இல்லையா.

அம்மா அப்ப கைய தூக்கி, "சார், அந்த சட்டைல குத்துவாங்களே எறக்கை, அது ட்ரோன் ஓட்டறவங்களுக்கு உண்டா?"ன்னு கேட்டாங்க. கிளாஸ்ல பசங்க சிரிச்சுட்டாங்க. சார் சிரிக்கல. "நல்ல கேள்வி கேட்டீங்கம்மா, பிரிட்டன்ல இதுக்கே சண்டை நடந்துச்சு"ன்னு சொன்னாரு. அங்க 2013-ல ட்ரோன் பைலட்டுக்கு தனி டிசைன்ல விங்ஸ் குடுத்தாங்க, கொஞ்சம் வேற கலர்ல, பாத்தவுடனே தெரியற மாதிரி. 2019-ல அத எடுத்துட்டு மத்த பைலட்டுக்கு குடுக்கற அதே விங்ஸையே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அம்மாவுக்கு அந்த பதில் போதும்போல, அதுக்கப்புறம் நிம்மதியா உக்காந்து கேட்டாங்க.

நம்ம ஊரு நெலவரத்துக்கு வருவோம், ரிவ்யூ படிக்கிறவங்களுக்கு இதான் முக்கியம். நம்ம ஏர்ஃபோர்ஸ்ல முன்னாடி வேற ஏர்கிராஃப்ட் ஓட்டறவங்கள எடுத்து கொஞ்ச காலம் ட்ரோன்ல போடறதுதான் வழக்கம், அதனாலதான் "தள்ளி விட்டுட்டாங்க"ங்கற பேச்சு. 2022 அக்டோபர்ல வெப்பன் சிஸ்டம்ஸ்னு ஒரு புது ப்ராஞ்ச் அறிவிச்சாங்க, அதுல நாலு பிரிவு, தரைலேர்ந்து தரைக்கு ஏவுகணை, தரைலேர்ந்து வானத்துக்கு, ரிமோட்ல ஓட்டற விமானம், அப்புறம் ரெண்டு பேர் போற விமானத்துல பின்னாடி உக்காந்து ஆயுதம் பாத்துக்கறவங்க. 2024 ஜூலைல ஹைதராபாத் பேகம்பேட்ல இதுக்குன்னு ஒரு ஸ்கூலே திறந்தாச்சு. ஆஃப்கேட் நோட்டிஃபிகேஷன்லயும் ஃப்ளையிங் ப்ராஞ்ச் வேற, வெப்பன் சிஸ்டம்ஸ் வேறன்னு தனித்தனியா வருது. அப்ப ட்ரோன்ங்கறது இனிமே ஒருத்தர ஒதுக்கி வைக்கிற மூலை கெடையாது, சேரும்போதே தெரிஞ்சு சேர்ற ஒரு பாதை, அதுல ஏறிப்போக தனி ஏணி இருக்கு. புது ப்ராஞ்சுங்கறதால அந்த ஏணியோட மேல் படில உக்காந்து வழிகாட்ட இதே பாதைல வளந்து வந்த சீனியர் இன்னும் வரல, அதையும் சார் மறைக்காம சொன்னாரு.

நேவி பக்கம் இன்னும் சுவாரஸ்யம், நம்ம வீட்டு வாசல்லயே நடக்குது. சென்னைலேர்ந்து ட்ரெயின் ஏறுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடற அரக்கோணத்துல, ஐ.என்.எஸ் ராஜாளில, 2020 நவம்பர்லேர்ந்து குத்தகைக்கு எடுத்த ரெண்டு எம்.க்யூ-9பி ஸீ கார்டியன் ட்ரோன வச்சு இந்தியப் பெருங்கடல கண்காணிச்சிட்டு இருந்தாங்க, அதுல ஒண்ணு 2024 செப்டம்பர்ல கோளாறாகி வங்கக் கடல்ல எறங்கி போச்சு. அடுத்த மாசமே இதே எம்.க்யூ-9பி வகைல 31 ட்ரோன் வாங்க அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டாச்சு, நேவிக்கு 15, ஆர்மிக்கு 8, ஏர்ஃபோர்ஸுக்கு 8. ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளில ஐ.என்.எஸ் பருந்துலயும் ட்ரோன் ஸ்குவாட்ரன் இருக்கு. இந்த 31-ம் 2029 வாக்குல வர ஆரம்பிக்கும்னு சொல்றாங்க, இப்ப செலக்ட் ஆகற பையன் ட்ரெயினிங் முடிச்சு ஓரளவு கை பழகி நிக்கிற நேரம் அது. ஆள் தேவை இருக்கற எடத்துல பொறுப்பும் சீக்கிரம் வரும்னு சார் சொன்னாரு, எனக்கும் அது நியாயமா படுது. அதோட அமெரிக்கால நடந்தது இங்கயும் நடக்கலாம், ட்ரோன் வர்ற வேகத்துக்கு ஆள் வரலைன்னா இருக்கறவங்கள ஷிஃப்ட்லயே பிடிச்சு வச்சுக்குவாங்க, கோர்ஸுக்கு அனுப்பறாங்களா இல்லையான்னு ஒவ்வொரு வருஷமும் கவனிக்கணும்னு சொன்னாரு.

எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கறது சர்வீஸ் முடிஞ்சு வர்றப்பதான். ஷார்ட் சர்வீஸ்ல (குறிப்பிட்ட வருஷம் மட்டும் வேலை பாக்கற முறை) ஃப்ளையிங் ப்ராஞ்ச் பையன் 14 வருஷம் முடிச்சு வெளிய வந்தா கைல பறந்த மணி நேரக் கணக்கு இருக்கும், பரீட்ச எழுதி லைசென்ஸ் வாங்கி ஏர்லைன்ஸ் பக்கம் போயிடலாம். ட்ரோன்ல எத்தன ஆயிரம் மணி நேரம் ஓட்டுனாலும் அது கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு கணக்குல வராது. அவன் வெளிய வந்தா ட்ரோன் கம்பெனி, டெஸ்டிங், ட்ரெயினிங்னு தான் போகணும். சென்னைல அதுக்கு வாய்ப்பு இல்லாம இல்ல, குரோம்பேட்ட எம்.ஐ.டில அண்ணா யுனிவர்சிட்டி பசங்க வருஷக் கணக்கா ட்ரோன் பண்றாங்க, ஸ்டேட் கவர்மெண்டே தனியா ட்ரோன் கார்ப்பரேஷன் வச்சிருக்கு, ஊருக்குள்ள கம்பெனிகளும் இருக்கு. இருந்தாலும் ஏர்லைன் கேப்டன் சம்பளத்தோட அத ஒப்பிட முடியாது. வீட்ல கடன் இருக்கற பையன், தங்கச்சி படிப்பு பாத்துக்கற பையன், இத தெரிஞ்சுட்டுதான் ஆப்ஷன்ல டிக் அடிக்கணும். இந்த ஒரு விஷயத்த கவுன்சிலர் மேடமும் சொல்லல, அந்த ஆசிரியரும் சொல்லல.

என் தம்பி இப்ப ஃப்ளையிங் மொதல், வெப்பன் சிஸ்டம்ஸ் ரெண்டாவதுன்னு முடிவு பண்ணிருக்கான். "ட்ரோன் கெடச்சாலும் நான் சந்தோஷமா போவேன்க்கா, ஆனா தெரிஞ்சு போறேன்"னான். எனக்கு அது போதும்.

சேர்றவங்களுக்கு சில விஷயம். ட்ரோன் பேக்கேஜ் அட்வான்ஸ திருப்பிக் கேட்டப்ப மெயின் ஃபீஸ்ல கழிச்சுக்கறோம்னு இழுத்தாங்க, அப்பா விடாம ரசீதோட போய் உக்காந்ததும் கழிச்சு குடுத்தாங்க, அதனால எது கட்டுனாலும் ரசீது வாங்காம வராதீங்க. சிவில் ட்ரோன் சர்டிஃபிகேட்தான் வேணும்னா டி.ஜி.சி.ஏ லிஸ்ட்ல இருக்கற ட்ரெயினிங் நிறுவனத்துக்கே நேரா போங்க, நடுவுல இவங்க எதுக்கு. மாடி ரூமுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூட்டம், காலைல போனா நல்ல செட் கெடைக்கும். ஞாயித்துக்கிழம நேவி சார் கிளாஸ் டெமோவுக்கு காசு கெடையாது, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே அப்பா அம்மாவ கூட்டிட்டு போய் உக்காருங்க, கிளாஸ் முடிஞ்சு கீழ டீக்கடைல நிப்பாரு, என்ன கேட்டாலும் பொறுமையா பதில் சொல்றாரு.