பியூஸ் கட்டையா, சிவப்பு சிலிண்டரா? டெல்டா வீட்டில் தீயைத் தடுக்க முதல் செலவு எதற்கு

போன சித்திரையில் நீடாமங்கலம் பக்கம் அத்தை வீட்டுக்கு ஃபேன் மாட்டிக்கொடுக்கப் போயிருந்தேன். வேலையை ஆரம்பிக்கும் முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையை உருவினேன். பீங்கானின் ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. மயிரிழை போல மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில், மோட்டார் வயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கித் தடியாகக் கட்டியிருந்தார்கள்.

"அடிக்கடி எரிஞ்சு போவுதுன்னு சொன்னேன், எதுத்த வீட்டுப் புள்ள கட்டிக் குடுத்துச்சு. அதுக்கப்பறம் போகவே இல்லடா" என்றார் அத்தை.

எரிந்து போவதுதான் பியூஸ் கம்பியின் வேலை. அது போகாவிட்டால் சுவருக்குள்ளும் கூரைச் சட்டத்திலும் ஓடும் வயர் சூடாகும். கம்பிக்குப் பதில் வயர் எரியும்.

தீப்பிடித்தால் அணைக்க ஒரு சிவப்பு சிலிண்டர் வாங்கிவைக்கச் சொல்லிப் பேரன் அத்தைக்குப் பணம் அனுப்பியிருந்தான். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்றுதான் அன்று மத்தியானம் முழுக்கப் பேசினோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்சாரப் பலகைதான் முதலில், பிறகு கேஸ் டியூப், அப்புறம்தான் தீயணைப்பான்.

எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு மின்சாரம் வந்ததே ஒரு விளக்குத் திட்டத்தில்தான். ஒரே ஒரு பல்புக்கு இழுத்த ஒல்லி வயர் அது. 2011-க்குப் பிறகு அரசு தந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் அதே வயரில் ஏறின. பின்னாலேயே பிரிட்ஜும் வந்தது. வயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பியூஸ் கட்டையை மட்டமென்று சொல்லமாட்டேன். சரியான கனத்தில் கம்பி கட்டினால் அது நாணயமாக வேலை செய்யும். ஆனால் யார் வேண்டுமானாலும் எந்தக் கம்பியையும் அதில் கட்டலாம். பியூஸ் கட்டைக்குப் பதிலாக மாட்டும் தானியங்கி ஸ்விட்சான எம்.சி.பி.யில் அந்த வழி கிடையாது. லோடு கூடினால் உள்ளே இருக்கும் தகடு சூட்டில் வளைந்து ஸ்விட்ச் தானே கீழே விழுந்து கரன்ட்டைத் துண்டித்துவிடும், ஷார்ட் ஆனால் காந்தம் நொடியில் இழுத்துவிடும், காரணத்தைச் சரிசெய்த பிறகு கையால் தூக்கிவிட்டால் போதும். ஆனால் வயருக்கு ஏற்றதை வாங்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் விளக்கு லைனுக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 போட்ட பவர் பிளக்குக்கு 16 ஆம்பியர். "விழாம இருக்கட்டும்" என்று விளக்கு லைனில் 32 ஆம்பியர் மாட்டினால், அத்தை வீட்டுச் செம்புக் கம்பிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதே பலகையில் மாட்டும் இன்னொரு ஸ்விட்சான ஆர்.சி.சி.பி. பார்க்கும் கணக்கு வேறு. போன கரன்ட் முழுதாகத் திரும்பியதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வகையென்றால், அந்த அளவுக்குக் கசிந்ததுமே துண்டித்துவிடும். அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுக்குள் வந்து வயரைக் கடிக்கும் நம் ஊருக்கு இது அவசியம். ஆனால் லோடு கூடினால் இதற்குத் தெரியாது, எம்.சி.பி.யோடு சேர்த்துத்தான் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஊறியதும் இது அடிக்கடி விழும். தொல்லையென்று நினைத்துப் பலர் கழற்றி நேராக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது விழுகிறதென்றால் எங்கோ கரன்ட் கசிகிறது என்று அர்த்தம்.

இரண்டுமே கண்டுபிடிக்காத ஒன்றும் உண்டு: லூஸ் கனெக்‌ஷன். பிளக் கறுத்திருந்தாலோ ஸ்விட்ச் பெட்டியில் தீய்ந்த வாடை அடித்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

கேஸ் டியூப் சில நூறு ரூபாய் சமாச்சாரம். கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு டியூப் ஐந்து வருடத்துக்கு, தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். பழைய பச்சை ரப்பர் டியூபை எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

இனி சிவப்பு சிலிண்டர். வீட்டுக்கு ஏ.பி.சி. பவுடர் வகைதான் சரி. துணி, மண்ணெண்ணெய், கேஸ், கரன்ட் எல்லாவற்றுக்கும் ஆகும். கார்பன் டை ஆக்சைடு வகை பொருளில் பொடி படியாமல் அணைக்கும், ஆனால் கனம், விலையும் கூடுதல், திறந்த திண்ணையில் காற்று அதைக் கலைத்துவிடும். சின்ன பவுடர் சிலிண்டர் எட்டுப் பத்து விநாடியில் காலியாகிவிடும். மாடி வீட்டு அடுப்படிக்கு அது போதும். கீற்றுக் கூரையில் ஏறிய தீக்குப் போதாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த இடத்துத் தீ கீற்றில் ஏறி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கீற்று வீட்டுக்காரர்கள் சிலிண்டர் வாங்கும் காசில் அடுப்புக்கு மேல் மட்டும் தகரம் போடுங்கள், வைக்கோல் போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள். ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும். கஜா புயலுக்குப் பிறகு தகரத்துக்கு மாறியவர்கள் வெக்கைக்காக அதன் மேல் மறுபடி கீற்றைப் பரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் தீ விஷயத்தில் அது திரும்பவும் கீற்று வீடுதான்.

காசே இல்லாத வழியும் இருக்கிறது. வாளி நிறைய ஆற்று மணல், பக்கத்தில் நனைத்த கோணிச் சாக்கு. கேஸ் சிலிண்டர் வாயில் பற்றிய நெருப்பை ஈரச் சாக்கால் மூடித் திருகுவதைத் தீயணைப்பு வீரர்கள் ஊருக்கு வந்தால் செய்து காட்டுவார்கள். ஒருமுறை நேரில் பாருங்கள், பயம் பாதி குறையும். வாணலி எண்ணெய் பற்றினால் தட்டைப் போட்டு மூடி அடுப்பை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

அத்தை வீட்டில் மறுநாளே எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் மாட்டியாயிற்று, கிரைண்டருக்குத் தனி லைன் இழுத்தோம். டியூபும் புதுசு. பணம் அதோடு தீர்ந்துவிட்டது. சிவப்பு சிலிண்டர் சம்பா நெல்லை விற்ற பிறகு. அதுவரை அடுப்படி வாசலில் சாக்கு நனைந்தபடி கிடக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்கிறேன்.